பசி அடங்கிய பிள்ளை

அழுகிற பிள்ளைக்கு நான் ஒரு நாளும் பயந்ததில்லை. முகம் சிவக்க வீறிட்டு, காலை உதைத்துப் பாலுக்கு அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். உடம்பில் தெம்பு இருக்கிறது, அதனால் வீட்டை இரண்டுபடுத்துகிறது. நேற்று வரை அப்படி அழுதுவிட்டு இன்றைக்குச் சமத்தாகத் தூங்குகிற பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும், யாராவது பெருமையாக "எங்க பாப்பா இப்பல்லாம் அழுவுறதே இல்லீங்க" என்றால் என் கை தானாக அந்தக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுகிறது. கல்யாண வீட்டில்கூட இப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

புதிதாக நர்சு வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு எடை பார்ப்பதையும் ஊசி போடுவதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு பயத்தைத்தான் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இந்த வேலையில் எனக்கு அதைவிட உதவியாக இருந்தது எதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. அப்போது எனக்குக் காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் வீடு வீடாகப் போய் பிரசவித்த பெண்களையும் குழந்தைகளையும் பார்க்கிற வேலை. அங்கே ஒரு வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். தெருவில் அவரை 'சொல்தா ஐயா' என்பார்கள். பட்டாளத்துக்காரர் என்பதற்குப் பிரெஞ்சில் அப்படித்தான் பேர். மனைவி இல்லை. ஒரே மகன் பாரிசில் வேலை பார்த்தான். அவனுக்குப் பக்கத்து ஊரான விழிதியூரில் பெண் எடுத்திருந்தார்கள். விவசாய வீட்டுப் பெண், செல்வி என்று பெயர். அவளுக்கும் தாய் இல்லாததால் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாமனார் வீட்டிலேயே இருந்து, ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தாள். பெண் குழந்தை, நல்ல எடை.

ஆக அந்த வீட்டில் ஒரு மாமனார், ஒரு மருமகள், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை. காலையில் குளிப்பாட்ட ஓர் அம்மா வந்து போவார். வேறு பொம்பளை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் பெரியவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. குழந்தை அழுதால் குடையை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். செருப்பைக் கழற்றி வைத்து, முதுகை நிமிர்த்தி நின்று, "மதாம்" என்று கூப்பிடுவார். பிரெஞ்சில் அம்மணி என்கிற மாதிரி. என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மதாம், புள்ள ஓயாம அழுவுது. இப்பதான் குடிச்சுது, மறுபடியும் கேக்குது. பால் பத்தலையா, வயித்துல எதுவும் கோளாறா, என்னன்னு தெரியல."

போய்ப் பார்ப்பேன். குழந்தை கும்மென்று இருக்கும். விரலை வாயருகே கொண்டுபோனால் கவ்விக்கொள்ளும். கூடத்தில் மழைக்காகப் பெரியவரே கட்டியிருந்த கொடியில் ஈரத் துணி நிறைந்து தொங்கும். எல்லாம் பிள்ளைத் துணி. குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

"நல்லா இருக்குதுங்க ஐயா. வளர்ற புள்ள, அடிக்கடி கேக்கத்தான் செய்யும். கேக்குறப்பல்லாம் குடுக்கச் சொல்லுங்க."

"உய், மதாம்" என்று தலையாட்டுவார். பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். ஆனால் மகன் பாரிசிலிருந்து வேறு மாதிரி எழுதியிருந்தான். அங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால் கொடுப்பார்களாம், அதற்குள் அழுதால் விட்டுவிடுவார்களாம், பிள்ளை தானாகப் பழகிக்கொள்ளுமாம். காலை எழுவதிலிருந்து படுப்பது வரை மணியடித்துப் பழகிய மனிதருக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வந்ததும் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "பால் நேரம் ஆச்சும்மா" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குடிச்சுதாம்மா?" என்பார். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். அறைக்குள் அவர் எட்டிப் பார்க்க மாட்டார். பார்க்கவும் கூடாது, மருமகள் பால் கொடுக்கிற அறை. நம் பக்கத்து மரியாதை அது.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது. அடுத்த நாளும் வரவில்லை. அப்பாடா, பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் மத்தியானம் நல்ல மழை. தலத்தெருவில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டு, நனைந்த புடவையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். பெரியவர் வீட்டுத் தெரு முனைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. குழந்தை கொட்டாவி விட்டால்கூட ஓடி வந்த மனிதர் ஏன் வரவில்லை?

எல்லாம் நன்றாக இருப்பதால் வரவில்லை. இதுதான் நியாயமான பதில். இந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பசி வேறு, சோறு ஆறிக்கொண்டிருக்கும். ஆனாலும் நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிவிட்டால் அது சும்மா இருக்கும் என்று தெருவுக்குள் திரும்பினேன்.

பெரியவர் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தார். "வாங்க மதாம், வாங்க! மகன் எழுதுனது சரிதான். புள்ள பழகிடுச்சு. இப்ப அழுகையே இல்ல. நாமளாத்தான் எழுப்ப வேண்டியிருக்கு. குளிப்பாட்ட வர்ற அம்மாகூடச் சொல்லுது, இந்த மாதிரி சமத்தை இந்தத் தெருவுலயே பாத்ததில்லையாம்."

"அப்படிங்களா? சந்தோஷம். ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுறேன்."

"இப்பதான் அசந்து தூங்குது. எழுப்ப வேணாமே. காபி போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான், கூடத்துக்குள் வரும்போது நான் குனியவே இல்லை என்பது உறைத்தது. கொடியைப் பார்த்தேன். பிள்ளைத் துணி இரண்டோ மூன்றோ ஒரு ஓரமாகக் கிடந்தது. மீதி நீளம் முழுக்க ரவிக்கைகள். மருமகளின் ரவிக்கைகள், வரிசையாக, ஈரத்தோடு.

நான் கொடியைப் பார்ப்பதைப் பார்த்துப் பெரியவர் பெருமையாகச் சொன்னார்: "துணி துவைக்கிற வேலையும் குறைஞ்சு போச்சு மதாம்."

பிள்ளை துணியை நனைக்கவில்லை. தாயின் பால் ரவிக்கையை நனைக்கிறது. உள்ளே போக வேண்டிய பால் வெளியே வழிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த வீட்டின் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காயப் போட்டிருந்தார்கள். அதன் கீழேயே நடந்து போய்க்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

காபி வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். செல்வி சுவரோரம் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து மார்பை இறுக்க மூடியிருந்தாள். கண் கலங்கி இருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தையைக் கையால் காட்டினாள்.

துணியைப் பிரித்தேன். வழக்கமாகத் துணியைப் பிரித்தாலே ஊரைக் கூட்டும் குழந்தை அது. அசையவில்லை. பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. தோலில் நல்ல நிறம் இல்லை. விரலை வாயில் வைத்தேன். கவ்வவில்லை. விரல் பாட்டுக்கு வாய்க்குள் கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். ஒரு முனகல் வந்தது, அழுகை வரவில்லை.

"எப்பலேருந்தும்மா?"

"முந்தாநாளுலேருந்துங்க நர்சம்மா." பேச்சு காற்றாக வந்தது. "வாய வச்சு ரெண்டு இழுப்பு இழுக்கும், அப்படியே தூங்கிடும். வாயோரமா வழிஞ்சிடுது. எனக்குப் பால் கட்டிக்கிட்டு உசுரு போவுதுங்க."

"ஐயாகிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமாகிட்ட எப்படிங்க இதைப் போய்ச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரிந்த ஒருத்தி, அவளால் வாயைத் திறக்க முடியாது. அந்தப் பக்கம் பிள்ளைக்காக உயிரையே விடக்கூடிய மனிதர், அவருக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். சத்தம் நின்றதும் பிள்ளைக்குப் பசி அடங்கியது என்று எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு மரக்கதவுதான் இருந்தது.

வெளியே வந்து சொன்னேன். "ஐயா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவர் சிரித்தபடியே இருந்தார், முகம் மாற நேரம் பிடித்தது. "எதுக்கு மதாம்? காய்ச்சலே இல்லையே. கால்கூட ஜில்லுன்னு இருக்குன்னு குளிப்பாட்டுற அம்மா சொல்லுச்சு, நான்தானே துணி போடச் சொன்னேன்?"

"அதான் பயமா இருக்குன்றேன். பச்சப் புள்ளைக்குக் கிருமி ஏறினா சில நேரம் காய்ச்சல் வராது, உடம்பு சில்லுன்னு ஆயிடும். பால் குடிக்கிறதை நிறுத்திடும்."

"பால் குடிக்குதே! தெனம் கேக்குறேனே!" மழையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் செத்த நேரத்துல பால் நேரம். மழையும் விட்டுடும். ஒரு தடவை குடிச்சிட்டா…"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நானும் மழையைப் பார்த்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? மழையில் நனைத்துக் கொண்டுபோய் வேறு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் தெருவில் என் பேர் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் உங்களுக்கும் வரும். வந்தே தீரும். அவற்றுக்குப் பதில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் திட்டினால் திட்டட்டும். நான் எத்தனையோ தடவை அப்படித் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"மழை விடாதுங்க ஐயா. ரிக்‌ஷா புடிங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

அதற்குள் செல்வி கையால் பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடையால் ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்தேன். விழுங்கவில்லை. கன்னத்துக்குள் தேங்கி அப்படியே கடைவாயில் வழிந்தது. மூச்சுக்குள் போய்விடுமோ என்று குழந்தையைச் சாய்த்துப் பிடித்துத் துடைத்து எடுத்தேன். இனி என் கையில் ஒன்றும் இல்லை. குழந்தையைச் செல்வியின் ரவிக்கைக்குள் உடம்போடு உடம்பாக வைத்துப் புடவையால் கட்டினேன். அதற்கு மேல் போர்த்தக் காய்ந்த துணி எதுவும் இல்லை. வண்டியோடு திரும்பி வந்த பெரியவர் அலமாரியைத் திறந்து தன் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டை எடுத்து நீட்டினார். பித்தளைப் பொத்தான் வைத்தது. காரைக்கால் வெயிலுக்கு அதை யார் போடப் போகிறார்கள், இருபது வருஷமாக அந்துருண்டை வாசனையோடு மடிந்தே கிடந்திருக்கும். அதைத் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போர்த்தினோம்.

அந்த ரிக்‌ஷா பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் சக்கரம் பாதி தண்ணீருக்குள். ஓட்டுகிறவர் இறங்கி இழுத்தார், பெரியவர் பின்னால் இருந்து தள்ளினார். நான் கோட்டுக்குள் கையை விட்டு, குழந்தையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வரும், வரும், பிறகு நிற்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படிச் சற்று நின்று வருவது உண்டு என்று படித்திருக்கிறேன். படித்தது அங்கே எந்த உதவிக்கும் வரவில்லை. அது நிற்கிறபோதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பாதத்தைத் தேய்ப்பேன், மறுபடி வரும்.

"இருக்கா நர்சம்மா?" என்று செல்வி கேட்டாள். கீழே குனிந்து பார்க்கப் பயந்து நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இருக்கு. தேய்ச்சுக்கிட்டே வா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். பின்னால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தவருக்கும் அது கேட்டிருக்கும். ரிக்‌ஷாவின் பின்பக்கத்தில் அவர் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைத் தொட்டதுமே வேகம் எடுத்தார். அதற்குப் பிறகு நடந்த வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குளுக்கோஸ், மருந்து, சூட்டுக்கு விளக்கு. ரத்தத்தில் கிருமி என்றார். வேலைக்கு நடுவே தலையைத் தூக்காமல் கேட்டார், "எப்போதிலிருந்து குடிக்கல?"

வாசலில் சொட்டச் சொட்ட நின்ற பெரியவர் முந்திக்கொண்டு, "குடிச்சிக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. நேரம் தவறாம" என்றார்.

"இல்ல மாமா."

செல்வி அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அந்தக் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். "முந்தாநாளுலேருந்து குடிக்கல மாமா. மார்ல வச்சா தூங்கிடுது. எல்லாம் வழிஞ்சுதான் போச்சு. நீங்க கேக்கும்போது எனக்கு வேற எதுவும் சொல்ல வாய் வரல."

பெரியவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். வெகு நேரம் கழித்துத் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார்: "நான் குடிச்சுதான்னு மட்டும்தான் மதாம் கேட்டேன். வேற எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல." பிறகு, "அவனுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?" என்றார். மகன் இன்னும் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிழைத்துவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாளும் அடுத்த நாளும் குழந்தை அப்படியே கிடந்தது. செல்வி பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள், குழாய் வழியாகத் துளித்துளியாகப் போகும். வேலையை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். படியேறும்போதே காது தீட்டிக்கொள்ளும். அந்த வார்டில் மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். எனக்கு ஒரு சத்தம்தான் வேண்டும், அது வராது. ஒரு பிள்ளையின் அழுகைக்காக அப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. பிறகு ஒரு சாயங்காலம் செல்வி குழந்தையின் கன்னத்தை மார்போடு சேர்த்தபோது அது தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடியது. பிடித்துக்கொண்டது. ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. செல்வி வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நர்சுகள் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அன்றைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் "குடிச்சுதா?" என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு யாராலும் 'ம்' சொல்லிவிட முடியும். கதவைச் சாத்திவிட்டுத் தாயோடு மட்டும் உட்கார்ந்து, நேற்றைக்கு எப்படிக் குடித்தது, இன்றைக்கு எப்படி என்று கேட்பேன். பால் கொடுப்பதைக் கண்ணால் பார்ப்பேன். கொடியைப் பார்க்காமல் வெளியே வர மாட்டேன். அடிக்கடி ஆள் அனுப்புகிற வீடு திடீரென்று அமைதியானால், திட்டிக்கொண்டேனும் ஒரு நடை போய் வருவேன். பத்தில் ஒன்பது தடவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒன்பது நடையும் வீண் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவர்கள் வீடு திரும்பிச் சில நாள் இருக்கும். விடிந்தும் விடியாததுமாக வாசலில் "மதாம்" என்று குரல். எனக்கு உயிரே போய்விட்டது. தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடி வந்தேன். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை நிமிர்த்தி, குடையோடு நின்றார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"என்னங்க ஐயா? என்ன ஆச்சு?"

"புள்ள அழுவுது மதாம். விடாம அழுவுது. குடிச்சு முடிச்ச உடனே மறுபடியும் கேக்குது. கொடியில இடமே இல்ல, எல்லாம் புள்ளத் துணி."

பையை எடுக்கத் திரும்பினேன்.

"இல்ல மதாம், நீங்க வர வேணாம்" என்றார். "பயந்து வரல. சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."